சான்றிதழில் இடம் பத்தாத பெயர்கள்

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். மலக்குழி மரணங்கள் பற்றி நான் எழுதிய தொடருக்கு மனித உரிமை இதழியல் விருது கிடைத்ததைப் பார்த்துவிட்டுப் போனிலும் வாட்ஸ்அப்பிலும் வாழ்த்துச் சொன்ன அத்தனை பேருக்கும் முதலில் நன்றி. தனித்தனியாகப் பதில் போட முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். மேடையில் ஆளுக்கு இரண்டு நிமிடம்தான் என்று சொல்லிவிட்டார்கள். அதுவும் நியாயம்தான், பின்னாலேயே சாப்பாடு காத்திருந்தது. ஆனால் நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் இரண்டு நிமிடத்துக்குள் அடங்குகிற ஆட்கள் இல்லை. அதனால்தான் இந்த மடல்.

சான்றிதழில் என் பெயர் மட்டும் இருக்கிறது. எழுதியது நான்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் தொடரில் வந்த முக்கியமான தகவல் ஒவ்வொன்றும், யாரோ ஒருவர் தன் வேலையையோ நிம்மதியையோ பணயம் வைத்து என் கையில் கொடுத்தது. எனக்கு மாதச் சம்பளம் வருகிறது, கேஸ் வந்தால் பார்த்துக்கொள்ள அலுவலகம் இருக்கிறது. கொடுத்தவர்களுக்கு இரண்டும் இல்லை. அவர்களில் பாதிப் பேரின் பெயரை இங்கே எழுதவும் முடியாது. எழுதாவிட்டாலும் நான் யாரைச் சொல்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியும்.

முதலில் அக்கா. வட மாவட்டச் சிறு நகரம் ஒன்றில், ஒரு லாட்ஜின் செப்டிக் டேங்கில் இறந்துபோன மூன்று பேரில் இரண்டாவதாக இறங்கியவரின் மனைவி. முதலில் இறங்கியவர் மயங்கி விழுந்ததும், அவரைத் தூக்கப்போனவர் அவர். நான் போனபோது காரியம்கூட முடியவில்லை. வீட்டு வாசலில் உட்கார்ந்து, நகைக்கடை கட்டைப்பை ஒன்றை எடுத்து என் முன்னால் கவிழ்த்தார். ரேஷன் கார்டு, ஆதார், பிரேதப் பரிசோதனைக்குக் கையெழுத்து வாங்கிய தாள், சாதிச் சான்று, பிள்ளைகளின் பள்ளி அடையாள அட்டை, எஃப்ஐஆரை யாரோ போனில் படம் பிடித்துப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்த மங்கலான ஜெராக்ஸ். "எது வேணும்னு எனக்குத் தெரியாதும்மா, எல்லாத்தையும் பாத்துக்க" என்றார். படித்தவர்கள் வீட்டில்கூட ஆவணங்கள் இவ்வளவு ஒழுங்காக ஓர் இடத்தில் இருந்து நான் பார்த்ததில்லை.

அவர் வைத்தது ஒரே ஒரு நிபந்தனை. செத்துக் கிடந்த படத்தைப் போடக் கூடாது. வாட்ஸ்அப்பில் அந்தப் படம் ஊர் முழுக்கச் சுற்றிவிட்டது, பிள்ளைகளே பார்த்துவிட்டார்கள். சுவரிலிருந்து கல்யாணப் படத்தைக் கழற்றித் துடைத்துக் கொடுத்தார். வெள்ளைச் சட்டையும் பெரிய மாலையுமாக, கேமராவைப் பார்த்து வெட்கப்படுகிற ஓர் இளைஞன். எங்கள் புகைப்படக்காரர் அதைக் கண்ணாடியில் வெளிச்சம் அடிக்காமல் எடுப்பதற்கு வீட்டுக்கு வெளியே வேட்டியைத் திரையாகக் கட்டி வெகுநேரம் மெனக்கெட்டார். தொடரின் முதல் பக்கத்தில் வந்தது அந்தப் படம்தான். அக்கா, அந்த நிபந்தனைக்காக உங்களுக்கு என் நன்றி. நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் நாங்கள் என்ன படம் போட்டிருப்போமோ, பத்திரிகை அவசரம் எப்படி என்று எனக்குத் தெரியும்.

அடுத்து, அந்த ஊர்ப் பகுதிநேர நிருபர் அண்ணன். 'விஷவாயு தாக்கி மூவர் பலி' என்று ஆறு வரிச் செய்தியாக இதை முதலில் அனுப்பியவர் அவர். அனுப்புகிற செய்திக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிறவர், விளம்பரமும் அவரே பிடித்துக் கொடுக்க வேண்டும். அந்த விளம்பரம் யாரிடமிருந்து வரும்? லாட்ஜ், கல்யாண மண்டபம், ரியல் எஸ்டேட். அப்படிப்பட்ட ஆள் தன் பைக்கில் என்னை உட்காரவைத்து, அந்த லாட்ஜ் வாசலிலேயே கொண்டுபோய் இறக்கினார். அதற்குப் பிறகு அவருக்கு வந்த போன்களைப் பற்றி அவர் சொல்ல மாட்டார், நானும் சொல்லவில்லை. பெருநகரத்திலிருந்து போகிற எங்களுக்கு விருது வருகிறது, வழி காட்டியவருக்குப் பெட்ரோல் காசுகூட வருவதில்லை. இது எங்கள் தொழிலில் ரொம்ப நாளாக இருக்கிற அசிங்கம். பரிசுத் தொகையில் ஒரு பங்கு அவருக்குப் போய்விட்டது. வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்தார், அண்ணியிடம் கொடுத்துவிட்டேன்.

கழிவுநீர் லாரி ஓட்டும் தம்பிக்கு ஒரு பெரிய நன்றி. "லாரியில்தான் ஹோஸ் இருக்கிறதே, ஆள் ஏன் இறங்க வேண்டும்?" என்று எனக்கு இருந்த கேள்வி பலருக்கும் இருக்கும். அவர்தான் புரியவைத்தார். மேலே நிற்கும் தண்ணீரை ஹோஸ் உறிஞ்சிவிடும். அடியில் வருடக்கணக்கில் இறுகிக் கிடக்கும் கசடு வராது. அதைத் தண்ணீர் விட்டுக் கம்பால் கலக்கினால்தான் ஹோஸில் ஏறும், கலக்குவதற்குத்தான் ஆள். கலக்கும்போதுதான் அடங்கிக் கிடந்த வாயு மொத்தமாகக் கிளம்புகிறது. 'முழுசாக் க்ளீன் பண்ணாத்தான் காசு' என்று லாட்ஜ் தரப்பில் சொன்னதைத் தன் காதால் கேட்டதாக அவர் வாக்குமூலம் கொடுத்தார். 'யாரும் இறங்கச் சொல்லவில்லை, அவர்களாக இறங்கினார்கள்' என்ற கதை ஆட்டம் கண்டது அங்கேதான். அவருக்கு அந்த வேலை போய்விட்டது. இப்போது தண்ணீர் லாரி ஓட்டுகிறார்.

வாயுவைப் பற்றிச் சொல்லிக்கொடுத்த தடயவியல் டாக்டருக்கும் நன்றி. ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் என்று பள்ளியில் படித்தோம். அளவு கூடினால் அது முகரும் திறனையே அடக்கிவிடும், நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்குகிறவன் ஓரிரு மூச்சில் விழுவான் என்பதை அவர்தான் படம் போட்டு விளக்கினார். தூக்கப்போன இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் ஏன் அடுத்தடுத்துச் சாகிறார்கள் என்பதற்கு நான் கேட்ட மற்ற பதில்கள் எல்லாம் 'குடிச்சிருப்பாங்க' ரகம்.

சட்டப் பக்கம். "என்ன எழுதுறீங்கங்கிறது இருக்கட்டும், எஃப்ஐஆர்ல என்ன செக்‌ஷன் போட்டிருக்குன்னு பாருங்க" என்று டீக்கடையில் காதோடு சொல்லிவிட்டுப் போன காவலருக்கு நன்றி. போய்ப் பார்த்தால் சந்தேக மரணம் என்று மட்டும் பதிவாகியிருந்தது. அப்படியே விட்டால் அது விபத்தாகவே முடிந்துவிடும். பாதுகாப்புக் கருவி இல்லாமல் செப்டிக் டேங்கில் ஆளை இறக்குவதே, மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி குற்றம், அதுவும் ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்ந்தால் டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். இதையெல்லாம் மனு போட்டு, அலைந்து, பிரிவுகளை மாற்றவைத்தவர் குடும்பத்துக்காக ஆஜரான வழக்கறிஞர் அம்மா. விருது விண்ணப்பத்தில் 'உங்கள் செய்தியால் நடந்த மாற்றம் என்ன?' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் நான் எழுதியதையே இங்கும் எழுதுகிறேன்: பிரிவுகளை மாற்றியது வழக்கறிஞரின் மனு, என் செய்தி அந்த மனுவுக்கு ஓர் இணைப்பு. நடுவர்கள் இதைப் படித்துவிட்டும் விருது கொடுத்தார்கள் என்பதில் எனக்குச் சந்தோஷம்.

இழப்பீடு பற்றியும் சொல்ல வேண்டும். 1993 முதல் மலக்குழியில் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் தர வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அது 30 லட்சம் ஆனது. தீர்ப்பு இருக்கிறது, செக் மட்டும் வரவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்தவர் எங்கள் டெஸ்க்கில் இருக்கும் உதவி ஆசிரியர். என் கட்டுரையில் ஓர் இடத்தில் ஒரு பெயரும் இன்னோர் இடத்தில் வேறு பெயரும் வருகிறதே என்று சிவப்பு மையில் வட்டம் போட்டு அனுப்பினார். எஃப்ஐஆரில் இருந்தது வீட்டில் கூப்பிடும் பெயர், ரேஷன் கார்டில் இருந்தது நிஜப் பெயர். வாரிசுச் சான்று நகராமல் கிடந்ததும் இதனால்தான், ஆனால் எந்த மேசையிலும் அந்த அக்காவிடம் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. 'மேலே போயிருக்கு' என்பதுதான் பதில். டெஸ்க்கில் பிழை பார்ப்பதை இளக்காரமாகப் பேசும் நிருபர்கள் (நானும் பேசியதுண்டு) கவனிக்க. பெயரைச் சரிசெய்து பிரமாணப் பத்திரம் கொடுத்தபின் மூன்று குடும்பங்களில் ஒன்றுக்குப் பணம் வந்தது. மற்ற இரண்டும் நடந்துகொண்டிருக்கிறது.

நாங்கள் யாரும் புதிதாக ஒன்றையும் கண்டுபிடித்துவிடவில்லை. அரசாங்கம் எண்ண மறுத்த மரணங்களை ஊர் ஊராகப் போய்ப் பட்டியல் எடுத்தவர்கள் பெஜவாடா வில்சனும், கையால் மலம் அள்ளும் வேலையை ஒழிக்கப் போராடும் அவருடைய சஃபாய் கர்மச்சாரி ஆந்தோலன் இயக்கமும். 2003-ல் அவர்கள் போட்ட வழக்கில்தான் 2014 தீர்ப்பே வந்தது. 2016-ல் வில்சனுக்கு மகசேசே விருது கிடைத்தபோது தமிழ்ப் பத்திரிகைகள் வாழ்த்தின. நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட கணக்கிலேயே இந்த மரணங்களில் தமிழ்நாடு முதலிடம் என்பது வாழ்த்தியவர்களில் எத்தனை பேருக்கு உறுத்தியதோ. புகைப்படக் கலைஞர் பழனிகுமார் இந்தக் குடும்பங்களின் வீடுகளுக்குப் பல வருடங்களாகப் போய்க்கொண்டிருக்கிறார். அவருடைய படங்களைப் பார்த்துத்தான், வீட்டுக்குள் எங்கே உட்கார வேண்டும், எப்போது கேமராவைக் கீழே வைக்க வேண்டும் என்று நானும் என் சகாவும் கற்றுக்கொண்டோம். இவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்றுகூடத் தோன்றுகிறது. சரி, சொல்லிவிடுகிறேன்.

விருதால் என்ன லாபம் என்று ஒரு இதழியல் மாணவி கேட்டிருந்தார். கொழும்பில் தமிழ்ப் பத்திரிகையாளர் ஜெ.எஸ். திசைநாயகம், போரில் சிக்கிய கிழக்கு மாகாண மக்களைப் பற்றி எழுதியதற்காக 2009 ஆகஸ்டில் 20 வருடக் கடுங்காவல் தண்டனை பெற்றார். அதே வருடம் பீட்டர் மாக்லர் விருதும், பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழுவின் சர்வதேச விருதும் அவருக்குக் கிடைத்தன. 2010 ஜனவரியில் ஜாமீனில் வந்தார். விருதால்தான் வந்தார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உலகத்துக்குப் பேர் தெரிந்த ஒருவரைச் சத்தமில்லாமல் உள்ளே வைத்திருப்பது கொஞ்சம் கஷ்டம். அந்த அளவுக்கு விருது உதவும். இன்னொன்று, யுனெஸ்கோவின் கில்லர்மோ கானோ பத்திரிகைச் சுதந்திர விருது. 2024-ல் அதைக் காசாவிலிருந்து செய்தி தரும் பாலஸ்தீனப் பத்திரிகையாளர்கள் எல்லோருக்குமாகக் கொடுத்தார்கள். தனியாக ஓர் ஆளைப் பொறுக்கி எடுக்கவில்லை. எனக்கு மனதுக்குப் பிடித்த விருது அறிவிப்பு அதுதான். அரசாங்கத்தைப் பற்றி எழுதுகிறவன் அரசாங்க விருதை வாங்கக் கூடாது என்று 2009-ல் பத்மபூஷணை மறுத்த பத்திரிகையாளர் பி. சாய்நாத்தையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். என்னிடம் யாரும் பத்மபூஷணை நீட்டப்போவதில்லை என்பதால் அந்தச் சங்கடம் எனக்கு இல்லை.

வேகமாக மற்றவர்கள்: ஒவ்வொரு வரியையும் 'இதுக்கு ஆதாரம் எங்கே?' என்று கேட்டுக் கேட்டு வழக்கு வராமல் காப்பாற்றிய சட்ட ஆலோசகர், விளம்பரம் போனால் போகட்டும் என்று பக்கம் ஒதுக்கிய ஆசிரியர், ஆர்டிஐ மனு எழுதுவதில் கில்லாடியான ஓய்வுபெற்ற வாத்தியார், நடுவர்களுக்காகத் தொடர் முழுவதையும் இரவோடு இரவாக ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுத்த தோழி, நான் இல்லாத நாட்களில் என் பையனைப் பார்த்துக்கொண்ட மாமியார். அத்தை, அவன் மேடையில் தூங்கியதற்கு நீங்கள் பொறுப்பில்லை.

பாராட்டு விழா வைக்கிறோம் என்று கேட்ட சங்கத்து நண்பர்களுக்கு: சால்வையும் கேடயமும் வேண்டாம். மண்டப வாடகைக்கு ஒதுக்கிய காசை வழக்கறிஞர் அம்மாவிடம் கொடுங்கள். சாட்சிகள் கோர்ட்டுக்கு வந்துபோக பஸ் செலவும், ஒரு நாள் கூலியும் அதில் போகும். வழக்கு விசாரணைக்கு வந்துவிட்டது. லாரி ஓட்டிய தம்பியைக் குறுக்கு விசாரணை செய்வது அடுத்த வாய்தாவில். போன முறை கோர்ட் வராந்தாவில் அவருக்குப் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை, எதிர்த் தரப்பில் ஒரு கூட்டமே நின்றது. தேதி தெரிந்ததும் சொல்கிறேன், வர முடிந்தவர்கள் வந்து பக்கத்தில் உட்காருங்கள்.

நன்றியுடன்,
உங்கள் நிருபர்