தடிக்கு முதல் கொப்பி

யாழ்ப்பாணம்
வெள்ளிக்கிழமை

அன்புள்ள நேசன்,

உம்முடைய கடிதம் புதன்கிழமை வந்து சேர்ந்தது. முழங்கால் நோவு குறைந்தது என்று வாசித்துச் சந்தோஷப்பட்டு முடிய முன்னரே, அதே காலோடு இரவு ரோந்து போகப்போகிறேன் என்று அடுத்த வரியில் எழுதிவிட்டீர். அதுதான் இந்தப் பதிலைத் தள்ளிப்போடாமல் எழுதுகிறேன். ஒரு ஒழுங்கையில் மூன்று தண்ணி மோட்டர் களவு போய், ஒரு வீட்டில் பட்டப்பகலில் நகையும் போனால் எவருக்கும் கோபம் வரும். சனசமூக நிலையத்தில் கூட்டம் வைப்பதும் நல்லது. ஆனால் பெடியள் இருபது பேருக்குத் தடியும் ரோச்சும் வாங்குவதற்குக் காசு சேர்க்கிறோம் என்றீரே, அதைக் கொஞ்சம் நிறுத்தும். முதலில் ஒரு சீ.ஆர். கொப்பி, அதுதான் கெட்டி அட்டை போட்ட தடித்த கொப்பி, வாங்கும்.

இதுவரை போன களவுகளை அதில் எழுதும். என்ன போனது என்பதை எல்லாரும் எழுதுவார்கள். வேண்டியது மற்றது: என்ன கிழமை, எத்தனை மணிக்கும் எத்தனை மணிக்கும் இடையில், எந்தப் பக்கத்தால் வந்தான், எதைக் கொண்டு திறந்தான், வீட்டார் அந்த நேரம் எங்கே, அவர்கள் வீட்டில் இல்லை என்பது ஆருக்கெல்லாம் தெரிந்திருக்கும். ஆறேழு களவை இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாலே ஒரு பிடி கிடைக்கும். பகல் களவு பிள்ளைகளை ரியூசனுக்கு ஏற்றி இறக்கும் நேரத்தில் விழுகிறதா? செத்தவீட்டு நாளில் விழுகிறதா? கண்ணீர் அஞ்சலி அடித்து, கிரியை எத்தனை மணிக்கு, எந்த மயானம் என்று சந்திக்குச் சந்தி ஒட்டுகிறோம். அந்த நேரம் முழு ஒழுங்கையும் வெறுமையாகக் கிடக்கும் என்று கள்ளனுக்கு நாங்களே அறிவித்தல் கொடுத்த மாதிரி. நல்லூர்க் கந்தன் கோயிலில் கொடி ஏறினால் 25 நாளும் அப்படித்தான். அதே மாதங்களில்தான் வெளிநாட்டிலிருந்து ஆட்கள் நகையும் காசுமாக வந்து நிற்பார்கள். இதற்கு ரோந்து தேவையில்லை. செத்தவீடோ தேரோ, ஒழுங்கைக்கு ஒரு வீட்டார் போகாமல் நிற்பது என்று முறை வைத்தால் போதும்.

ரோந்தைப் பற்றி ஒரு விஷயம். அமெரிக்காவில் கன்சாஸ் சிற்றி பொலிஸார் 1972–73இல் ஒரு பரிசோதனை செய்தார்கள். 15 ரோந்துப் பகுதிகளை மூன்றாகப் பிரித்து, ஒன்றில் வழக்கமான ரோந்து, ஒன்றில் இரண்டு மூன்று மடங்கு, ஒன்றில் அழைத்தால் மட்டும் போவது என்று ஒரு வருடம் நடத்தினார்கள். குற்றத்திலும் சரி, சனத்தின் பயத்திலும் சரி, குறிப்பிடத்தக்க வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. வாகனமும் சம்பளமும் உள்ள பொலிஸுக்கே அப்படியென்றால், மூன்றாம் இரவு நித்திரை தூங்கும் பெடியளை நம்பி என்ன செய்வீர்? ரோந்து போகிற நேரத்தைக் கள்ளன் இரண்டு இரவில் படித்துவிடுவான்.

அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. 2011 ஓகஸ்டில், உடம்பில் கிறீஸ் பூசிய மர்ம மனிதர் இரவில் பெண்களைத் தாக்குகிறார்கள் என்று கதை பரவி, கிறீஸ் பூதம் என்று நாடே பதறியது ஞாபகம் இருக்கும். இங்கே யாழ்ப்பாணத்து நாவாந்துறையில் மர்ம மனிதரைத் துரத்திப் போன சனம் இராணுவத்தோடு முட்டுப்பட்டது. அந்த இரவே படையினர் வீடு வீடாக ஆண்களைப் பிடித்து அடித்துக்கொண்டு போனார்கள். இருட்டு, கூட்டம், தடி, வதந்தி நாலும் ஓரிடத்தில் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சட்டம் உங்களுக்குத் தருவது கொஞ்சம்தான். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 35ஆம் பிரிவின்படி, பிடியாணை இல்லாமல் பிடிக்கக்கூடிய குற்றத்தைத் தன் கண் முன்னால் செய்பவனையோ, அப்படிச் செய்துவிட்டு ஓடுகிறான் என்று நியாயமாகச் சந்தேகிக்கப்படுபவனையோ, தலைமறைவானவன் என்று நீதிமன்றம் பிரகடனம் செய்த குற்றவாளியையோ பொதுமகன் ஒருவர் பிடிக்கலாம். பிடித்தால் தாமதிக்காமல் பொலிஸிடம் ஒப்படைக்க வேண்டும். நேற்றுக் களவெடுத்தவன் என்று இன்று ஒருவனைப் பிடிக்க முடியாது. பனையில் கட்டி விசாரிக்க முடியாது. அடித்தால் களவு வழக்கில் அவன் குற்றம் சாட்டப்பட்ட ஒரு எதிரி, அடித்த வழக்கில் நீங்கள் ஐந்து எதிரி. பிறகு அவன் பிணையில் வந்து சைக்கிளில் போவான். பெடியள் தவணைக்குத் தவணை நீதிமன்ற வாசலில் நிற்பார்கள். பிணை என்றால் விடுதலை இல்லை, வழக்கு நடக்கிறது என்பதையும் கூட்டத்தில் சொல்லும். சனம் பொலிஸை வெறுப்பதில் பாதி இந்த விளக்கக் குறைவால்.

மற்றப் பாதிக்குக் காரணம் உமக்கும் எனக்கும் தெரியும். போர்க்காலத்தில் தலையை ஆட்டி ஆட்களைப் படையினருக்குக் காட்டிக்கொடுத்த, முகமூடி போட்ட தலையாட்டிக்கு முன்னால் வரிசையில் நின்ற ஊர் இது. தகவல் சொல்கிறவன் என்றால் இன்றைக்கும் வேறு பொருள்தான் முதலில் வரும். வீடு வீடாகப் பெயர்ப் பட்டியல் எடுத்த காலமும் மறக்கவில்லை. ஆகவே குழுவுக்கு ஒரு சட்டம் வையும்: கொப்பியில் ஆள் பெயர் வராது, நடந்தது மட்டும் வரும். "இன்னாற்ற பெடியன் குடிச்சுப்போட்டுத் திரியிறான்" என்று எழுதக்கூடாது. "செவ்வாய் பின்னேரம் 3.20, சிவப்பு மோட்டர் சைக்கிள், இரண்டு பேர், இரண்டு ஹெல்மெட், ஒழுங்கைக்குள் இரண்டு தரம் வந்து திரும்பியது, கடைசி நாலு இலக்கம் இது" என்று எழுதலாம். வீட்டில் எத்தனை பேர், ஆர் வெளிநாடு என்ற பட்டியலே வேண்டாம். அந்தப் பட்டியல் தவறின கையில் போனால் கள்ளனுக்கு அதைவிட நல்ல வரைபடம் கிடையாது. வட்ஸ்அப் குழுவிலும் இதே சட்டம்தான், படம் கட்டாயம் போடக்கூடாது. சந்தேகத்தில் ஒருவனின் படத்தை எல்லாரும் பார்த்துவிட்டால், பிறகு அடையாள அணிவகுப்பில் அவனைக் காட்டினாலும் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி "நீங்கள் போனில் பார்த்த முகம்தானே" என்று ஒரு கேள்வியில் உடைத்துவிடுவார்.

பன்னிரண்டு பதினைந்து வீட்டுக்கு ஒரு ஆள் பொறுப்பு என்று வையும். அந்த ஆள் பெண்ணாக இருந்தால் நல்லது. பகலில் ஒழுங்கையில் இருப்பவர்கள் அவர்கள்தான். மீன்காரன் எத்தனை மணிக்கு வருவான், பழைய இரும்பு எடுக்கிறவன் புதியவனா பழையவனா என்பது கூரை போட்ட வாசல் படலையான சங்கடப்படலையில் குந்தியிருந்த கிழவிக்குத் தெரிந்திருந்தது. இப்போது ஏழு அடி மதில் கட்டிவிட்டோம். உயிர்க்கம்பு நட்ட கதியால் வேலியென்றால் உள்ளே அசைவது றோட்டுக்குத் தெரியும். மதிலுக்குள் குதித்தவன் ஆறுதலாக வேலை செய்யலாம். மதிலை உடைக்கச் சொல்லவில்லை, படலையையாவது கம்பிப் படலையாகப் போடச் சொல்லும்.

இனி மோட்டர் விஷயம். கிணற்றடி மோட்டரை எடுக்க இரண்டு நிமிஷம் போதும். வயரை வெட்டி, பிவிசிக் குழாயை வாளால் அறுத்து, அடியில் உள்ள நட்டுகளை ஒரு ஸ்பனரால் கழற்றினால் சரி. அதனால் நட்டுகளை இறுக்கிய பிறகு மூலைக்கு மூலை இரண்டில் ஒவ்வொரு பொட்டு வெல்டிங் பிடியும். திருத்தவேண்டி வந்தால் கட்டரால் வெட்டலாம். இரவில் கட்டர் போட்டால் அயல் எழும்பும். கம்பிக்கூடு அடிப்பவர்கள் செய்யும் பிழை, நாலு பக்கமும் தகரம் அடித்து மூடுவது. பின்பக்கத்து விசிறிக்குக் காற்றுப் போகாமல் சுருள் எரிந்துவிடும். மேலே மட்டும் தகரம், பக்கமெல்லாம் நாலு அங்குல இடைவெளியில் கம்பி, விசிறிப் பக்கம் ஒரு சாண் விலகல். ஆமைப்பூட்டை வெளியே தொங்கவிட்டால் அலவாங்கை நுழைத்து ஒரே நெம்பில் எடுப்பார்கள். பூட்டைச் சுற்றி ஒரு குழாய்த் துண்டை வெல்ட் பண்ணினால் நெம்ப இடமில்லை.

அடையாளமும் வேண்டும். கம்பனித் தகடு நாலு ஆணியில் நிற்கிறது, பிடுங்கினால் மோட்டர் அநாதை. இரும்பில் இலக்கம் குத்தும் நம்பர் பஞ்ச் ஒரு செற் வாங்கி, அடையாள அட்டையின் கடைசி நாலு இலக்கத்தை மோட்டரின் காலடித் தடிப்பில் குத்தும். மெல்லிய அலுமினியச் சிறகில் குத்தினால் வெடித்துவிடும். சைக்கிளென்றால் சட்ட இலக்கம் சீற்றுக்குக் கீழேயோ பெடல் அச்சுக்கு அடியிலோ இருக்கும், அதைப் படம் எடுத்து வைக்கலாம். நகையை அடிமட்டம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, எத்தனை பவுண் என்றும் எழுதச் சொல்லும். இதெல்லாம் கள்ளனைத் தடுக்காது, வாங்குகிறவனைத் தடுக்கும். களவெடுத்த மோட்டர் மோட்டராக விலைபோகாவிட்டால் செம்பாக உருவி நிறைக்குப் போடுவான். ஆகவே ஊரிலுள்ள பழைய இரும்புக் கடைக்காரரையும் கூட்டத்துக்குக் கூப்பிடும், எதிரியாக இல்லை. களவுப் பொருளென்று தெரிந்து வாங்குவதும் குற்றம் என்பது அவர்களுக்குத் தெரியும். எரித்த செம்பு கொண்டுவருகிறவனின் அடையாள அட்டையைப் பார்த்து எழுதுவது அவர்களுக்கும் பாதுகாப்பு. ஐஸ், ஹெரோயின் பழகிய பெடியனுக்கு இன்றைக்கே காசு வேண்டும். இன்றைக்கே விற்க முடியாத சாமானை அவன் தொடமாட்டான்.

வீட்டுக் கதவுகளில் குசினிப் பின்கதவைப் பாரும். முன்கதவு தேக்கில், பின்கதவு பலகையில் ஒரு கொண்டியோடு நிற்கும். கொண்டியின் திருகாணிகள் வெளியே தெரிந்தால் ஒரு திருப்புளி போதும். கதவை ஊடுருவிப் போல்ற் போட்டு உள்ளே நட் இறுக்கினால் முடிந்தது. அலவாங்கு, மண்வெட்டி, ஏணி மூன்றும் இரவில் உள்ளே இருக்க வேண்டும். கள்ளன் பெரும்பாலும் ஆயுதம் கொண்டுவருவதில்லை. எங்கள் வளவிலேயே வைத்திருக்கிறோம்.

கமரா வாங்கப் போகிறவர்களுக்கு: பன்னிரண்டு அடி உயரத்தில் கூரைக்குக் கீழே பூட்டினால் ஹெல்மெட்டின் உச்சிதான் தெரியும். படலையைப் பார்க்கும் கமரா எட்டடியில் இருக்கட்டும். இரவில் சிலந்தி வலையில் அகச்சிவப்பு வெளிச்சம் பட்டுப் படம் முழுக்க வெள்ளையாகும், அதனால் வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும். மணிக்கூட்டைச் சரிபார்க்கவும் வேண்டும். நாற்பது நிமிஷம் பிந்தி ஓடும் கமரா நீதிமன்றத்தில் கரைச்சல். ஒரு டெராபைற் தட்டில் நாலு கமரா ஓடினால், அமைப்பைப் பொறுத்து ஆறு முதல் பன்னிரண்டு நாளில் பழையது அழிந்துவிடும். களவு தெரிந்த அன்றே பிரதி எடுக்க வேண்டும். பதிவுப் பெட்டியை ரி.வி.க்குப் பக்கத்தில் வைத்தால் அதையும் கொண்டுபோவான். இன்னொன்று, பக்கத்து வீட்டுக் கிணற்றடியைப் பார்க்கும்படி பூட்டவே கூடாது. பெண்கள் குளிக்கும் இடம். களவு நிற்க முன்னர் வேலிச் சண்டை தொடங்கிவிடும்.

களவு நடந்த வீட்டுக்கு அயலவர் பதினைந்து பேர் ஓடிப்போய் அலுமாரியைத் திறந்து பார்த்து, தேத்தண்ணியும் குடித்துவிட்டுத்தான் பொலிஸின் 119க்கு அடிக்கிறார்கள். பிறகு மோப்ப நாய் வந்தால் அதற்கு மணக்க என்ன இருக்கிறது? ஒருவர் வாசலில் நின்று மற்றவரை மறிக்க வேண்டும். மண்ணில் கால் தடம் இருந்தால் ஒரு பேசினைக் கவிழ்த்து மூடும், மழைக்கும் நாய்க்கும் கோழிக்கும் அதுதான் காவல். கண்ணாடி, அலுமாரிக் கைபிடி, ரின் இவற்றைத் தொடாதிருந்தால் கைரேகைக்காரருக்கு வேலை இருக்கும்.

முறைப்பாடு சொன்ன மொழியிலேயே எழுதப்பட்டு, வாசித்துக் காட்டப்பட்டுத்தான் கையெழுத்து. அதே சட்டக்கோவையின் 109ஆம் பிரிவு அது. தமிழில் எழுத ஆள் இல்லையென்றால் நீங்களே தமிழில் எழுதிக் கொடுக்கலாம். விளங்காத மொழியில் கையெழுத்து வைக்கவேண்டாம். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு வாரும், அது இல்லாமல் போன முறைப்பாடு போனதுதான். எழுத மறுத்தால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகத்துக்கும் எழுதலாம். பொறுப்பதிகாரியோடு மாதம் ஒரு கூட்டம் கேளும். சிவில் பாதுகாப்புக் குழு என்றார்கள், சமூகப் பொலிஸ் குழு என்றார்கள், பெயர் எதுவானாலும் பரவாயில்லை. போகும்போது கொப்பியைக் கொண்டுபோம். "களவு கூடிப்போச்சு ஐயா" என்றால் தலையை ஆட்டிவிட்டு அனுப்புவார். "ஆறில் நாலு செவ்வாயும் வெள்ளியும் பின்னேரம், அதில் மூன்று பின்மதிலால்" என்றால் ஆள் அனுப்பியே ஆகவேண்டும். ஆடு வேலி தாண்டினது, எல்லைக் கதியால் நகர்ந்தது போன்றவற்றை அங்கே கொண்டுபோகாமல், சின்னப் பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் இணக்க சபைக்கு விடும்.

கடைசியாக, மோட்டர் போன மூன்று வீட்டையும் மறந்துவிடாதேயும். ஒருதரம் களவுபோன வீட்டில் மறுபடியும் விழுவது, முக்கியமாக அடுத்த சில வாரங்களில், உலகமெங்கும் கண்டது. இங்கிலாந்தில் ரொச்டேல் பக்கம் கேர்க்கோல்ற் என்ற குடியிருப்பில் 1980களில் அதைத்தான் பிடித்தார்கள். முழு ஊரையும் காக்காமல், களவுபோன வீட்டைச் சுற்றியுள்ள ஐந்தாறு வீட்டாரை அந்த ஒரு வீட்டைப் பார்க்கச் சொன்னார்கள். காசு போட்டு எரிக்கும் மின்சார, எரிவாயு மீற்றர்களில் இருந்த சில்லறைதான் கள்ளரை இழுத்தது என்று கண்டு அவற்றை மாற்றினார்கள். களவு பாதிக்கு மேல் குறைந்தது. நீங்களும் அந்த மூன்று வீட்டிலிருந்து தொடங்கலாம். புது மோட்டர் பூட்டப் போகிறார்கள் என்பதைக் கள்ளனும் எதிர்பார்த்துத்தான் இருப்பான்.

சேர்த்த காசில் வெல்டிங் கூலியும் நம்பர் பஞ்ச் செற்றும் அடங்கும் என்று நினைக்கிறேன். வாற மாதம் பட்டணத்துக்கு வரும்போது கொப்பியையும் எடுத்துவாரும். ரோச் ஏற்கெனவே வாங்கிவிட்டீர் என்றால் ஒன்றை எனக்குத் தாரும், எங்கள் ஒழுங்கை லைற் பிரதேச சபைக்கு இரண்டு கடிதம் எழுதியும் இன்னும் எரியவில்லை. மூன்றாவதில் தூணின் இலக்கத்தையும் எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
தேவன்