ஞாயிறு கலந்துரையாடல்: தென்னாப்பிரிக்க நிலக்கரி வழக்கு

எல்லோருக்கும் வணக்கம். இந்த வாரம் ‘கேன்சல் கோல்’ வழக்கைப் பற்றிப் பேசுகிறோம். இளைஞர்கள் நடத்தும் ஆப்பிரிக்கன் கிளைமேட் அலையன்ஸும் வேறு இரண்டு அமைப்புகளும் 2021-இல் தொடுத்தது. புதிதாக 1,500 மெகாவாட் நிலக்கரி மின்சாரம் சேர்க்கும் அரசின் முடிவு செல்லாது என்று 2024 டிசம்பரில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

குழந்தைகளின் உடல்நலத்தை அரசு கணக்கில் எடுத்ததா, எடுத்திருந்தால் அதற்கான கோப்பு எங்கே? வழக்கின் உயிர்நாடி இந்தக் கேள்விதான்.

கோப்பு கேட்க அங்கே 2000-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. நம் ஆர்டிஐ மாதிரிதான், ஆனால் தனியார் நிறுவனத்திடமும் கேட்கலாம் (இது நமக்கு இல்லாத வசதி). தனியாரிடம் கேட்கும்போது மட்டும், எந்த உரிமையைக் காக்க அந்த ஆவணம் தேவை என்பதை விண்ணப்பத்திலேயே எழுத வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் மறுத்ததாகக் கணக்கு.

பலர் சறுக்குவது ஓரிடத்தில்: ‘காலநிலை தொடர்பான எல்லா ஆவணங்களும்’ என்று மொத்தமாகக் கேட்பது. தேட வேண்டியது அதிகம் என்று இன்னொரு 30 நாள் இழுக்க அதுவே வழிவிடும். எந்தத் திட்டம், எந்தத் தேதி, எந்த அறிக்கை என்று குறித்துக் கேட்க வேண்டும்.

அந்நாட்டு அரசியல் சாசனத்தின் 24 (சுற்றுச்சூழல் உரிமை), 28 (குழந்தைகள் உரிமை) ஆகிய பிரிவுகளைப் படித்துவிட்டு வாருங்கள், சின்னதுதான்.