பக்கவாதத்திற்குப் பின் நடை மீளும் முதல் மூன்று மாதங்களில் இயன்முறைச் சிகிச்சையாளரின் நேரடிப் பயிற்சி கோரும் மனு

அனுப்புநர்:
கைத்தறி நெசவாளர் ஒருவரின் மகள்,
திருவண்ணாமலை மாவட்டம்.
(பெயரும் முழு முகவரியும் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன.)

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: பக்கவாத நோயாளிகளுக்கு வீடு திரும்பிய பின் நடைப்பயிற்சி அளித்தல், நடை வேகத்தை அளந்து பதிவு செய்தல் – வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். பக்கவாதம் வந்து உயிர் பிழைத்தவர்கள் மறுபடி நடப்பதற்கு வேண்டிய பயிற்சி மருத்துவமனை வாசலோடு நின்றுவிடுகிறது என்பதைத் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவரவும், அதைச் சரிசெய்யப் பெரிய கருவிகள் தேவையில்லை என்பதை வெளிவந்துள்ள ஆய்வுகளைக் கொண்டு எடுத்துரைக்கவும் இம்மனுவைப் பணிந்து சமர்ப்பிக்கிறேன்.

என் தந்தைக்கு வயது 61. நாற்பது ஆண்டுகளாகக் குழித்தறியில் பட்டு நெய்தவர். சென்ற ஆண்டு ஆவணியில் ஒரு நாள் விடியற்காலை எழுந்தபோதே வலக்கையும் வலக்காலும் வரவில்லை. தூக்கத்தில் எப்போது தொடங்கியது என்று சொல்ல ஆளில்லாததால், இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்குரிய நாலரை மணி நேரக் கெடுவுக்குள் வந்தோமா என்பதை மருத்துவர்களால் உறுதிசெய்ய முடியாமல் போயிற்று. ஒன்பது நாள் உள்நோயாளியாக வைத்திருந்து நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள். மருத்துவமனையின் பெயரை நான் குறிப்பிடவில்லை. அங்குள்ளவர்கள் மீது எனக்குக் குறையும் இல்லை. வீட்டிற்கு அனுப்பிய அன்று, அந்த மருத்துவமனைக்கும் இன்னொரு மருத்துவமனைக்கும் சேர்த்து ஒருவராக இருந்த இயன்முறைச் சிகிச்சையாளர் வந்து, பத்து நிமிடத்தில் என் தாயாருக்கு ஆறு பயிற்சிகளைச் செய்துகாட்டி, படங்கள் போட்ட ஒரு தாளைக் கொடுத்து, ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார்.

அந்தத் தாளைச் சுவரில் ஒட்டிவைத்து என் தாயார் காலையும் மாலையும் தவறாமல் பயிற்சி கொடுத்தார். ஆனால் படுத்த நிலையில் காலை நீட்டி மடக்குவது வேறு, எழுந்து நடப்பது வேறு. தந்தைக்குப் பாதம் தொங்கிவிட்டதால் கால் விரல் நிலைப்படியில் இடறியது. அதைத் தவிர்க்க அவர் காலை அரைவட்டமாக வெளியே வீசி நடக்கப் பழகிக்கொண்டார். அது தவறான பழக்கம் என்று எங்களுக்குச் சொல்வாரில்லை. ரப்பர் செருப்பு வலக்காலிலிருந்து கழன்று பின்னால் கிடக்கும், அவருக்குத் தெரியாது. இரண்டு முறை விழுந்தார். அதன் பிறகு பயத்திலேயே கட்டிலை விட்டு இறங்குவதைக் குறைத்துக்கொண்டார். தறிக்குழியில் கால் இறக்கி மிதியை அழுத்துவது பற்றிய பேச்சே வீட்டில் நின்றுபோயிற்று. "நான் சரியாச் செஞ்சிருந்தா இந்நேரம் நடந்திருப்பாரு" என்று என் தாயார் தம்மையே நொந்துகொண்டது எங்களுக்கு நோயைவிடப் பெரிய வேதனையாக இருந்தது.

அவர் தம்மைக் குறைசொல்ல வேண்டியதில்லை என்பதை ஓர் ஆய்வைப் படித்த பிறகே என்னால் அவருக்குச் சொல்ல முடிந்தது. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 பக்கவாத நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு, 2017-இல் லான்செட் இதழில் வெளியான 'அட்டெண்ட்' என்னும் ஆய்வு அது. குடும்பத்தில் ஒருவருக்குப் பயிற்சி முறைகளைக் கற்றுக்கொடுத்து வீட்டிலேயே செய்யவைத்தால் நோயாளி மேலும் தேறுவாரா என்பதே அதன் கேள்வி. ஆறு மாத முடிவில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து வாழ்பவர்களும் சேர்ந்து, குடும்பத்தார் பயிற்சி பெற்ற பிரிவு, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற பிரிவு என இரு பிரிவிலுமே 47 விழுக்காடாக இருந்தனர். குடும்பத்தார் பயிற்சி பெற்றதால் வேறுபாடு எதுவும் காணப்படவில்லை. அந்த ஆய்வு நடையை மட்டும் அளந்ததன்று என்பதையும் நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். எனினும், சிகிச்சையாளர்கள் போதாத குறையைக் குடும்பத்தாரைக் கொண்டு ஈடுகட்டிவிடலாம் என்ற நம்பிக்கைக்கு நம் நாட்டிலேயே கிடைத்த விடை இது. நம் மருத்துவமனைகளில் நடைமுறையிலிருப்பதோ அந்த நம்பிக்கைதான்.

வீட்டில் பயிற்சி என்பதே பயனற்றது என்று இதற்குப் பொருளன்று. அமெரிக்காவில் 408 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2011-இல் வெளியான 'லீப்ஸ்' ஆய்வில், உடல் எடையைக் கச்சையால் தாங்கி ஓடுபொறியில் (டிரெட்மில்) நடக்கவைத்தவர்களையும், இயன்முறைச் சிகிச்சையாளர் வீட்டிற்கே சென்று உடற்பலமும் சமநிலையும் பெறும் பயிற்சிகளைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போனவர்களையும் ஒப்பிட்டார்கள். ஓராண்டு முடிவில் மொத்தத்தில் 52 விழுக்காட்டினரின் நடை ஒரு படி உயர்ந்திருந்தது. விலையுயர்ந்த பொறியில் நடந்தவர்கள் வீட்டில் பயின்றவர்களை எவ்வகையிலும் மிஞ்சவில்லை. அங்கே வீட்டுப் பயிற்சி என்றால் 12 முதல் 16 வாரங்களில் 36 அமர்வுகள், ஒவ்வொன்றும் 90 நிமிடம், அத்தனையிலும் சிகிச்சையாளர் உடனிருப்பு. இரண்டு ஆய்வுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், வீட்டில் சிகிச்சையாளர் உடனிருப்பதே முடிவைத் தீர்மானிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

எந்திர நடைப்பயிற்சிக் கருவிகளை வாங்குவது பற்றிப் பலரும் பேசுகிறார்கள். நோய் வந்த முதல் மூன்று மாதங்களில், அறவே நடக்க இயலாதவர்களுக்கு, இயன்முறைச் சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்தால் அவை உதவுகின்றன என்று ஆய்வுத் தொகுப்புகள் கூறுவதை நான் மறுக்கவில்லை. ஆனால் மாவட்டத் தலைநகரில் ஒரு கருவி இருந்தால், முப்பது கிலோமீட்டர் தொலைவில் பேருந்துப் படி ஏற முடியாமல் இருப்பவருக்கு அது எப்படிப் பயன்படும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

காலம் குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் நடந்து 1995-இல் வெளியான ஆய்வில், 95 விழுக்காட்டு நோயாளிகள் தாங்கள் எட்டக்கூடிய நடையை முதல் 11 வாரங்களுக்குள்ளேயே எட்டிவிட்டது தெரியவந்தது. அதற்காக அவசரப்படுவதும் தவறு. 2,104 பேரைக் கொண்ட, 2015-இல் வெளியான 'ஏவர்ட்' ஆய்வில், முதல் 24 மணி நேரத்திற்குள்ளேயே அடிக்கடி எழுப்பி நடமாடவைத்தவர்கள் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடச் சற்றுக் குறைவாகவே தேறினார்கள். எனவே தேவைப்படுவது, நோயாளியின் நிலை உறுதிப்பட்ட பின் தொடங்கி மூன்றாம் மாதம் வரை இடையறாத பயிற்சி. எங்களுக்குச் சொல்லப்பட்ட ஆறு வாரத் தவணை இந்தக் காலத்தில் பாதியை வீணாக்கிவிட்டது.

ஐந்தாம் மாதத்தில் கடன் வாங்கித் தனியார் இயன்முறைச் சிகிச்சையாளர் ஒருவரை வாரம் மூன்று நாள் வரவழைத்தோம். முதல் நாள் அவர் செய்த காரியம் எனக்கு வியப்பாக இருந்தது: தெருவில் பத்து மீட்டர் அளந்து, என் தாயாரிடம் கோலமாவு வாங்கி இரண்டு கோடு போட்டு, தந்தையை நடக்கச் சொல்லிக் கைப்பேசியில் நேரம் பார்த்தார். 34 நொடி, அதாவது நொடிக்கு 0.29 மீட்டர். நொடிக்கு 0.4 மீட்டருக்குக் கீழே நடப்பவர் பெரும்பாலும் வீட்டோடு முடங்கிவிடுவார், 0.8-ஐத் தாண்டினால்தான் வெளியே தடையின்றிப் போய்வருவார் என்று 1995-இலேயே வகுத்திருக்கிறார்கள் என்று விளக்கினார். பாதத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டை ஒன்றையும் அணியச் செய்தார். பத்து வாரத்தில் அதே கோட்டுக்குள் 21 நொடியில் நடந்தார், நொடிக்கு 0.48 மீட்டர். தெருமுனைத் தேநீர்க் கடை வரை தாமே போய்வருகிறார். தறிக்குழியில் இறங்க இன்னும் முடியவில்லை. பணம் தீர்ந்ததால் பயிற்சியும் நின்றுவிட்டது.

மருத்துவமனை அளித்த டிஸ்சார்ஜ் தாளில் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் எண்களாக இருந்தன. நடையைப் பற்றி "முன்னேற்றம் உள்ளது" என்ற இரண்டு சொற்கள் மட்டுமே இருந்தன.

ஆகவே தாங்கள் கருணைகூர்ந்து, பக்கவாத நோயாளி ஒவ்வொருவரும் வீடு திரும்பும்போது, எழுந்து நடக்க இயலுமாயின் பத்து மீட்டர் நடை வேகத்தையும், இயலாதாயின் எவ்வளவு துணை தேவைப்படுகிறது என்பதையும் டிஸ்சார்ஜ் தாளில் பதியவும், மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் மீண்டும் அளக்கவும் ஆணையிட வேண்டுகிறேன். முதல் மூன்று மாதங்களுக்கு வாரம் மூன்று முறையேனும் இயன்முறைச் சிகிச்சையாளரின் நேரடிப் பயிற்சி கிடைக்க வேண்டும் என்பதே எங்கள் முதன்மையான கோரிக்கை. இதற்குப் புதிய அமைப்பு எதுவும் வேண்டியதில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இயன்முறைச் சிகிச்சையை ஏற்கெனவே வீட்டு வாசலுக்குக் கொண்டுசெல்கிறது. அதில் புதிய பக்கவாத நோயாளிகளுக்கென்று தனி முறைவரிசை வகுத்து, அதற்கு வேண்டிய சிகிச்சையாளர் பணியிடங்களை வட்ட மருத்துவமனைகளில் உருவாக்கினால் போதும்.

மேலும், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 27-ஆவது பிரிவு மறுவாழ்வுப் பணிகளையும், 28-ஆவது பிரிவு அவை தொடர்பான ஆராய்ச்சியையும் அரசின் பொறுப்பாக்குகின்றன. மேற்சொன்ன அளவுகளைத் திருச்சிராப்பள்ளி அரசு இயன்முறைச் சிகிச்சைக் கல்லூரியோ சென்னை கே.கே. நகரிலுள்ள அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையமோ தொகுத்து ஆராய்ந்தால், எத்தனை அமர்வுகள் நம் மக்களுக்குப் போதுமானவை என்பதற்கு நம்மிடமே விடை கிடைக்கும். டென்மார்க்கையும் அமெரிக்காவையும் மேற்கோள் காட்டி என்னைப் போன்றோர் மனு எழுத நேராது.

தந்தையின் டிஸ்சார்ஜ் தாள் நகலையும், பத்து வாரங்கள் நாங்கள் குறித்துவைத்த நடை வேகக் கணக்கையும் இத்துடன் இணைத்துள்ளேன். இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையைத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

நகல்: மாற்றுத்திறனாளிகள் நலத் துறைச் செயலாளர் அவர்கள், தலைமைச் செயலகம், சென்னை – 600 009.