தண்ணீர் லாரி ரசீதையும் தணிக்கை பார்க்கட்டும்

ஆசிரியருக்கு,

பரமக்குடி–ராமநாதபுரம் நான்குவழிச் சாலைக்கு மத்திய அமைச்சரவை 2025 ஜூலை 1 அன்று ஒப்புதல் தந்தது. 46.7 கி.மீ., ரூ.1,853 கோடி. ஹைபிரிட் ஆன்யுட்டி முறை என்றதும், 'தனியார் போடுகிற பணம்தானே, நமக்கென்ன' என்கிறார்கள். கணக்கு அப்படி இல்லை; தணிக்கை எங்கெல்லாம் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.

ஏலத்தில் ஒப்புக்கொண்ட தொகையில் 40 சதவீதத்தை வேலை நடக்க நடக்கத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் கொடுத்துவிடும். மீதி 60-ஐ நிறுவனம் புரட்ட வேண்டும். அதையும் வட்டியோடு, ஆறு மாதத்துக்கு ஒரு தவணையாக 15 ஆண்டில் ஆணையமே திருப்பித் தரும். அந்த 60-இல் பெரும்பகுதி வங்கிக் கடன். பொதுத்துறை வங்கி என்றால் அதுவும் ஊரார் டெபாசிட்தான்.

ஆகவே தணிக்கை முதலில் தேட வேண்டியது நிறுவனத்தின் கைக்காசை. ஏலத் தொகை 100 ரூபாய், உண்மைச் செலவு 85 என்று வைத்துக்கொள்வோம். அரசு 40, வங்கி 45; கைக்காசு பூஜ்யம். திட்டத்துக்கென்று தொடங்கிய தனிக் கம்பெனி, கட்டுமானத்தைத் தாய் நிறுவனத்துக்கே 100 ரூபாய்க்கு விட்டால் போதும். போட்டதாகக் காட்டிய 15 ரூபாய் ஒப்பந்த லாபமாக வீடு திரும்பிவிடும். ஆணையத்தின் பேரேட்டை மட்டும் புரட்டினால் இது தெரியாது. இரண்டு கம்பெனிக்கும் இடையிலான ஒப்பந்தம் தணிக்கையாளர் மேஜைக்கு வர வேண்டும். அரசுக்கு வருவாய்ப் பங்கு தரும் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் கணக்கை சிஏஜி (இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) பார்க்கலாம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் இங்கே பணம் எதிர்த் திசையில், அரசிடமிருந்து நிறுவனத்துக்குப் போகிறது; அந்தத் தீர்ப்பை மட்டும் நம்பியிருக்க முடியாது. கணக்கைப் பார்க்கும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுவதுதான் பாதுகாப்பு.

அடுத்து, தற்காலிக நிறைவுச் சான்று. சர்வீஸ் ரோடும் வடிகாலும் அரைகுறையாகக் கிடக்க, பாக்கிப் பட்டியலோடு சான்று கொடுத்துவிட்டாலும் தவணைக்கான காலம் ஓடத் தொடங்கிவிடும். பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் முடிந்தது, நிலம் கிடைக்காமல் விட்ட துண்டுக்கு எவ்வளவு குறைத்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

நம் கரைக்கே உரிய ஒன்று தண்ணீர். கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. கடலோரத்தில் பல போர்வெல்களில் வருவது உப்புத் தண்ணீர். அதை ஊற்றினால் உள்ளே கம்பி துருப்பிடிக்கும். வெடிப்பு வெளியே தெரியப் பல ஆண்டு ஆகும். நல்ல தண்ணீரை லாரியில்தான் கொண்டுவர வேண்டும் என்ற இடத்தில் கணக்கு எளிது. ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்குக் கலக்க மட்டும் சுமார் 160 லிட்டர். 10,000 கன மீட்டருக்கு 16 லட்சம் லிட்டர், அதாவது 12,000 லிட்டர் டேங்கரில் 133 ட்ரிப்; கான்கிரீட்டை நனைக்கும் தண்ணீர் தனி. சோதனைப் பதிவேட்டில் எல்லாம் 'சரி' என்றிருந்து, ரசீது 40 மட்டும் இருந்தால், மீதித் தண்ணீர் எந்தப் போர்வெல்லில் இறைத்தது என்று தணிக்கையாளர் கேட்க வேண்டும்.

– ஒரு வாசகர், உச்சிப்புளி