பனிக்கடியில் ஒரு இதயம்

அன்புள்ள செல்விக்கு,

ஏரிப் பனியில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கிறவர்களைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, அடியில் இருக்கிற மீன் மட்டும் எப்படிப்பா சாகாமல் இருக்கிறது என்று கேட்டிருந்தாய். ரிட்டயரான விலங்கியல் வாத்தியாரிடம் கேட்டால் பதில் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்.

டிரவுட் மாதிரி மீன்கள் குளிரிலும் நீந்தி இரை தேடும். குளிரில் ரத்தம் கெட்டிப்படும், தசையும் மந்தமாகச் சுருங்கும், அதனால் அதன் இதயக் கீழறை பெரிதாகி ஈடுகட்டுகிறது. ஆனால் பின்லாந்துக்காரர்கள் ரூட்டானா என்கிறார்களே, அந்தக் குரூசியன் கெண்டை நேர் எதிர். குளிர்காலத்தில் அதன் இதயத் தசையில், துடிப்பைத் தூண்டுகிற சோடியம் அயனிகள் நுழையும் வழிகளே குறைந்து துடிப்பு மெதுவாகிவிடும்.

காரணம் அது வாழும் சின்னக் குட்டைகள். பனி மூடினால் வெளிச்சம் போகாது, செடிகள் ஆக்சிஜன் தராது, அழுகுகிற குப்பை இருப்பதையும் தின்றுவிடும்; மாதக்கணக்கில் ஆக்சிஜனே இல்லாத தண்ணீர்.

அப்போது இதயம் கிட்டத்தட்ட நின்றுவிடும் என்றுதானே நினைப்பாய்? நன்னீர் ஆமை சில அப்படித்தான் செய்கின்றன. ஆனால் 2004இல் வெளியான ஆய்வில், 8 டிகிரித் தண்ணீரில் 5 நாள் துளி ஆக்சிஜன் இல்லாமல் வைத்தும் இந்தக் கெண்டையின் இதயம் தள்ளுகிற ரத்தத்தின் அளவு குறையவில்லை. எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம்.

உடம்பில் சேமித்து வைத்த மாவுச்சத்தான கிளைகோஜனை ஆக்சிஜன் இல்லாமல் உடைத்தால் லாக்டிக் அமிலம் சேரும், சேர்ந்தால் சாவுதான். இந்த மீன் அதைத் தசைக்குக் கொண்டுபோய்ச் சாராயமாக மாற்றி, செவுள் வழியாக வெளியே விட்டுவிடுகிறது. அமிலத்தைத் தசைக்கும் சாராயத்தைச் செவுளுக்கும் சுமக்க ரத்தம் ஓடியாக வேண்டும், இதயம் எப்படி ஓய்வெடுக்கும்? 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் ஏறுமாம், உங்கள் ஊர் போலீஸ் ஊதச் சொன்னால் லைசென்ஸ் போய்விடும்!

இந்தக் கூத்தெல்லாம் ஈரலில் கிளைகோஜன் இருக்கிற வரைக்கும்தான். அதைக் கோடையிலேயே தின்று சேர்த்து வைத்திருக்கும், தீர்வதற்குள் பனி உருகியாக வேண்டும்.

அம்மா உன்னோடு பேச வேண்டுமாம், ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு.

அப்பா