பட்டியலுக்கு வராத வேலைகள்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய தாளின் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தேன். முதுகலைப் படிப்பு, மருந்து நிறுவன வேலை, ஆசிரியர் பயிற்சி என்று மூன்று தலைப்புகள். ஒவ்வொன்றின் கீழும் சாதகம் ஒரு பக்கம், பாதகம் ஒரு பக்கம். எல்லாம் முடிந்து கடைசியில், 'நீங்களே ஒன்றைச் சொல்லிவிடுங்கள் அப்பா' என்று ஒரு வரி.

நான் சொல்லப்போவதில்லை அம்மா. பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறேன் என்று நினைக்காதே. இந்த மூன்றில் எது என்று நீ கேட்கிறாய். ஏன் இந்த மூன்று மட்டும் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. அதைப் பற்றியே எழுதப்போகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுமையாகப் படி.

உன் தாளில் ஒவ்வொரு தலைப்புக்குப் பின்னாலும் ஓர் ஆள் நிற்பதைக் கவனித்தாயா? முதுகலைக்குப் பின்னால் உன் தாவரவியல் பேராசிரியை. மருந்து நிறுவனத்துக்குப் பின்னால் உன் தோழியின் அக்கா. ஆசிரியர் பயிற்சிக்குப் பின்னால் சாட்சாத் நான். நீ அருகில் இருந்து பார்த்துப் பழகிய மூன்று பேரின் வேலைகள்தான் தாளில் ஏறியிருக்கின்றன. இதில் உன் குறை ஒன்றும் இல்லை. பள்ளியில் மாணவர்களுக்கு மேற்படிப்பு ஆலோசனை சொல்லும் பொறுப்பில் இத்தனை வருஷம் இருந்த எனக்கு, பிள்ளைகள் பெரும்பாலும் இப்படித்தான் பட்டியல் போடுகிறார்கள் என்று நன்றாகத் தெரியும். உலகத்தில் ஆயிரக்கணக்கான வேலைகள் இருக்கின்றன. 2018-இல் பல நாடுகளில் நடக்கும் பீசா (PISA) என்ற பள்ளித் திறன் தேர்வை எழுதிய 15 வயது மாணவர்களிடம், 30 வயதில் என்ன வேலையில் இருப்பாய் என்று கேட்டார்கள். 41 நாடுகளின் பதில்களைத் தொகுத்துப் பார்த்தபோது பெண்களில் 53 சதவீதம் பேரும் ஆண்களில் 47 சதவீதம் பேரும் வெறும் பத்து வேலைகளுக்குள்ளேயே நின்றுவிட்டார்கள். மருத்துவர், ஆசிரியர், பொறியாளர், காவல்துறை, வழக்கறிஞர் என்று எல்லோருக்கும் தெரிந்த வேலைகள்தான். இணையம் கையில் இருக்கும் தலைமுறை, அதுவும் இப்படி.

பார்ப்பது எவ்வளவு தூரம் பாதிக்கிறது என்பதற்கு இன்னொரு ஆய்வைச் சொல்கிறேன், இது என்னை ரொம்பவும் யோசிக்க வைத்தது. அமெரிக்காவில் பேட்டன்ட் வாங்கிய சுமார் 12 லட்சம் கண்டுபிடிப்பாளர்களின் சிறுவயதைத் தேடிப்போய் அலெக்ஸ் பெல், ராஜ் செட்டி முதலான பொருளாதார ஆய்வாளர்கள் 2019-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மூன்றாம் வகுப்பில் கணக்கில் ஒரே அளவு கெட்டியாக இருந்த பிள்ளைகளிலும், வசதியான வீட்டுப் பிள்ளைகளே அதிகமாகக் கண்டுபிடிப்பாளர் ஆகியிருந்தார்கள். அதோடு, எந்தத் துறையின் கண்டுபிடிப்பாளர்கள் சுற்றிலும் இருக்க வளர்ந்தார்களோ, பிள்ளைகள் அதே துறைக்குத்தான் போயிருந்தார்கள். பெண் கண்டுபிடிப்பாளர்கள் இருந்த ஊரில் வளர்ந்த பெண் குழந்தைகள் அந்தத் துறைக்குள் கூடுதலாக நுழைந்தார்கள்; ஆண் கண்டுபிடிப்பாளர்கள் எத்தனை பேர் இருந்தும் பெண் குழந்தைகளிடம் அந்த மாற்றம் தெரியவில்லை. மூளை இருந்தது, ஆனால் அந்த வேலை கண்ணில் படவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். திறமை இருந்தால் எப்படியும் மேலே வந்துவிடும் என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதெல்லாம் கோபம்தான் வருகிறது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். பாட்டிக்குக் காது சோதிக்கப் போனபோது நீயும் எங்களோடு வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? சத்தம் புகாத சின்ன அறையில் பாட்டியை உட்கார வைத்து ஹெட்போன் மாட்டினார் அந்த ஆடியாலஜிஸ்ட், அதாவது கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர். நாம் இருவரும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். பாட்டி பாதி நேரம் அழுத்த மறந்து தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் கொஞ்சமும் சலித்துக்கொள்ளாமல், அந்தத் தலையாட்டலையே பதிலாக எடுத்துக்கொண்டு, சத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் தாழ்ந்த சுருதியான 250 ஹெர்ட்ஸிலிருந்து கீச்சென்ற 8000 ஹெர்ட்ஸ் வரை போனார். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலத்தில் பெருக்கல் குறி. கட்டத்தாளில் கோடு, கீச்சென்ற சத்தங்கள் இருக்கும் வலப்பக்கம் போகப் போகச் சரிந்து இறங்கியது. 'ஆள் பேசுவது உங்களுக்குக் கேட்கும், என்ன பேசுகிறார் என்பது பிடிபடாது, இல்லையா பாட்டி?' என்று அவர் கேட்டதும் பாட்டியின் முகம் மலர்ந்ததே! வீட்டில் யாருக்கும் புரியாத ஒன்றை யாரோ ஒருவர் ஒரு தாளைப் பார்த்துச் சொல்லிவிட்டார். நீ விடாமல் கேள்வி கேட்டாய். கீச்சென்ற சத்தம் ஏன் முதலில் போகிறது? உள்காதின் சுருளில் வாசல் பக்கம் இருக்கும் செல்கள்தான் அந்தச் சத்தத்தைப் பிடிக்கின்றன, அவைதான் முதலில் தேய்கின்றன என்று அவர் படம் போட்டுக் காட்டினார். வழி முழுக்க அதையே பேசிக்கொண்டு வந்தாய்.

அந்த வேலை உன் தாளில் இல்லை. நீ ஆடியாலஜிஸ்ட் ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அப்படி எடுத்துக்கொள்ளாதே. யோசித்துப் பார்த்து வேண்டாம் என்று நீ அதை அடித்திருந்தால் அது ஒரு முடிவு. உன் மனசில் அது ஒரு வேலையாகப் பதியவே இல்லை. வேண்டாம் என்று ஒதுக்கியவற்றைவிட, யோசனைக்கே வராமல் போனவைதான் ஒருவரின் பாதையை அதிகம் தீர்மானிக்கின்றன என்பது என் எண்ணம்.

இந்தக் கழித்தல் எப்போது தொடங்குகிறது என்று லிண்டா காட்ஃபிரட்சன் என்பவர் 1981-இல் ஒரு விளக்கம் கொடுத்தார். மூன்று முதல் ஐந்து வயதில் பெரியவர்கள் வேலை செய்பவர்கள் என்று மட்டும் குழந்தைக்குப் புரிகிறது. ஆறு முதல் எட்டு வயதுக்குள் இது ஆம்பிளை வேலை, இது பொம்பளை வேலை என்று பிரித்து ஒரு பகுதியைத் தள்ளிவிடுகிறது. ஒன்பது முதல் பதின்மூன்று வயதுக்குள் மதிப்பில்லாத வேலை என்று ஒரு பகுதி போய்விடுகிறது, நமக்கு எட்டாத வேலை என்று இன்னொரு பகுதியும் போய்விடுகிறது. எனக்கு எது பிடிக்கும் என்ற கேள்வி 14 வயதுக்கு மேல்தான் வருகிறது. அதற்குள் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். பதினொன்றாம் வகுப்பில் வந்து உட்காரும் பிள்ளைகளிடம் 'உனக்கு என்ன பிடிக்கும்' என்று நாங்கள் கேட்கும் கேள்வி எவ்வளவு தாமதமான கேள்வி என்று இதைப் படித்த பிறகுதான் உறைத்தது. டேவிட் சேம்பர்ஸ் என்ற ஆய்வாளர் 4,807 சிறு குழந்தைகளை ஒரு விஞ்ஞானியை வரையச் சொல்லி 1983-இல் முடிவை வெளியிட்டார். பெண் விஞ்ஞானியை வரைந்தவர்கள் 28 பேர். அத்தனை பேரும் சிறுமிகள். இன்று நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது. ஆனாலும் மருந்து நிறுவன வேலைக்குப் பாதகமாக நீ எழுதியிருக்கும் 'தொழிற்சாலைப் பிரிவில் போட்டுவிடுவார்கள்' என்ற வரியைப் படித்தபோது அந்த 28 பேர் நினைவுக்கு வந்தார்கள். தொழிற்சாலைப் பிரிவு ஏன் பாதகம்? நீ அதைப் பார்த்ததுண்டா? உன் வகுப்புப் பையன்களும் அதைப் பாதகத்தில் எழுதுவார்களா? யோசித்துப் பார்.

அப்புறம் மார்க். உயிர்வேதியியலில் வாங்கிய மார்க்கை வைத்து 'எனக்கு ஆய்வகம் சரிப்படாது' என்று எழுதியிருக்கிறாய். இங்கே மட்டும் உன்னோடு சண்டை போடத்தான் வேண்டும். ஒரு காரியம் என்னால் முடியும் என்ற நம்பிக்கை நாலு வழியில் வருகிறது என்று உளவியலாளர் ஆல்பர்ட் பந்தூரா சொன்னார். நாமே செய்து ஜெயித்த அனுபவம், நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, நாம் மதிக்கும் ஒருவர் முடியும் என்று சொல்வது, அந்த நேரத்தில் உடம்பும் மனசும் இருக்கும் நிலை. இதில் முதலாவதுதான் பலமானது. உனக்கு அந்தப் பாடத்தில் செய்து பார்த்த அனுபவம் எவ்வளவு? தேர்வு எழுதிய அனுபவம்தான் நிறைய. மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதுவதும், மாதக்கணக்கில் ஒரே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து எங்கே தப்பு என்று கண்டுபிடிப்பதும் வேறு வேறு திறமைகள். தேர்வில் சுமாராக இருந்து கைவேலையில் அசத்திய மாணவர்களைப் பார்த்திருக்கிறேன், நேர்மாறாகவும் பார்த்திருக்கிறேன். மார்க் எந்தக் கல்லூரிக் கதவு திறக்கும் என்பதைச் சொல்லும், அதை நான் மறுக்கவில்லை. அந்த வேலை உனக்குப் பிடிக்குமா, வருமா என்று அதற்குத் தெரியாது.

நண்பர்கள் போகும் வழியில் போவது, சினிமாவில் பார்த்த வேலையில் மயங்குவது, இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன். ஆனால் 'மனசுக்குப் பிடித்ததைச் செய்' என்ற அறிவுரை உன் காதில் விழாத நாளே இருக்காது. அது பாதிதான் உண்மை. ஓ'கீஃப், ட்வெக், வால்டன் ஆகிய மூன்று உளவியலாளர்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களுக்குக் கருந்துளை பற்றிய சுவாரசியமான காணொளியைக் காட்டினார்கள். எல்லோருக்கும் ஆர்வம் பொங்கியது. அடுத்து அதே விஷயத்தில் கடினமான ஒரு கட்டுரையைக் கொடுத்தார்கள். ஆர்வம் பிறவியிலேயே உள்ளே இருக்கிறது, அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்று எண்ணியவர்களுக்கு ஆர்வம் சட்டென்று வடிந்துவிட்டது. ஆர்வம் வளர்த்து வளர்வது என்று எண்ணியவர்கள் அந்த அளவுக்குத் துவளவில்லை. கஷ்டம் வந்ததும் 'இது எனக்கானது இல்லை போலிருக்கிறது' என்று எழுந்து போனால் எதுவுமே யாருக்கும் ஆனதாக இருக்காது. நீ செய்து பார்த்த ஆர்வச் சோதனையையும் இப்படித்தான் எடுத்துக்கொள். ஆர்வத்தை வைத்து மனிதர்களை ஜான் ஹாலண்ட் என்ற உளவியலாளர் பிரித்த ஆறு வகையில் நீ எது என்று அது சொல்லும். பட்டியலில் புதிதாகச் சேர்க்க அது உதவும், அடிக்க அதைப் பயன்படுத்தாதே.

வீட்டைப் பற்றியும் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். பெற்றோர் வாயைத் திறந்து சொல்வதைவிட, எந்த வேலை செய்பவரைப் பற்றி எந்தக் குரலில் பேசுகிறார்கள் என்பதுதான் பிள்ளைகள் மனசில் தங்குகிறது. ஆகவே என் ஆசையை நேராகவே சொல்கிறேன்: நீ ஆசிரியர் ஆனால் எனக்கு அளவில்லாத சந்தோஷம். அம்மாவுக்கு நீ பக்கத்தில் இருக்க வேண்டும், அது எந்த வேலையானாலும் சரி. இந்த இரண்டும் எங்கள் ஆசைகள். அவை உன் தாளில் சாதகங்களாக எழுதப்பட்டிருந்தால் அவற்றை அடித்துவிட்டு மறுபடி கூட்டிப் பார்.

பணம் பற்றி நீ எதுவும் எழுதவில்லை. எங்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்று விட்டிருப்பாய். பணத்தைப் பற்றி யோசிப்பது தாழ்ந்த விஷயமே இல்லை. வசதி இல்லாத வீட்டில் அதுதான் முதல் கேள்வி, அப்படித்தான் இருக்கவும் வேண்டும். நம் நிலைமை இது: தம்பியின் படிப்புச் செலவை நாங்கள் பார்த்துக்கொள்வோம், உன் சம்பளத்தை நம்பி அது இல்லை. இன்னும் இரண்டு வருஷம் உனக்கும் கொடுக்க முடியும். அதற்கு மேல் போனால் உதவித்தொகையோ பகுதி நேர வேலையோ வேண்டியிருக்கும். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு யோசி, கற்பனைக் கணக்கை வைத்து யோசிக்காதே.

இந்த வருஷம் வேலைச் சந்தை மந்தமாக இருக்கிறது என்று பயந்திருக்கிறாய். பயத்துக்குக் காரணம் இருக்கிறது. கனடாவில் பொருளாதார மந்தத்தின்போது பட்டம் பெற்றவர்களை வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2012-இல் வந்தது. தொடக்கத்தில் அவர்கள் சம்பளம் மந்தமில்லாத காலத்தில் பட்டம் பெற்றவர்களைவிடச் சுமார் 9 சதவீதம் குறைவாக இருந்தது, ஐந்து வருஷத்தில் அந்தக் குறை பாதியானது, பத்து வருஷத்தில் கிட்டத்தட்ட மறைந்தது. நல்ல இடம் கிடைத்ததும் நிறுவனம் மாறியவர்கள் சீக்கிரம் மீண்டார்கள். எந்த வருஷம் படித்து முடிக்கிறாய் என்பது உன் கையில் இல்லை. அதை உன் தகுதியோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது உன் கையில்தான் இருக்கிறது.

இப்போது என்ன செய்யலாம் என்கிறேன் என்றால், பட்டியலை இன்னும் மூடாதே. உயிரியல் படித்தவர்கள் செய்யும் வேலைகளில் நீ ஒருமுறைகூட நேரில் பார்க்காத நாலைந்தைச் சேர். மருத்துவமனை ஆய்வகம், விதை ஆராய்ச்சி, நோய்ப் பரவலைக் கண்காணிக்கும் வேலை, அறிவியல் எழுத்து, ஏன், அந்தத் தொழிற்சாலைப் பிரிவும்கூட. ஒவ்வொன்றிலும் ஒருவரைப் பார்த்துப் பேசு. முடிந்தால் ஒரு நாள் கூடவே இரு. 'உங்கள் வேலை எப்படி இருக்கிறது' என்று கேட்டால் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்பார்கள். 'நேற்று காலையிலிருந்து சாயங்காலம் வரை என்ன செய்தீர்கள்' என்று கேள். எந்தப் பகுதி அலுப்பாக இருந்தது, எதில் நேரம் போனதே தெரியவில்லை, இன்னும் ஐந்து வருஷத்தில் எங்கே போக முடியும், இங்கே இருந்துகொண்டு எதை இழந்தீர்கள் என்று கேள். நெருங்கிய நண்பர்களைக் கேட்டால் உனக்குத் தெரிந்த அதே நாலு விஷயம்தான் திரும்பி வரும். புதிய வேலைச் செய்தி லேசான பழக்கம் உள்ளவர்கள் மூலமாகத்தான் அதிகம் வருகிறது என்று மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1970-களிலேயே எடுத்துக்காட்டினார்.

முதுகலை விண்ணப்பத்துக்கு இந்த மாதம்தான் கடைசி என்று எழுதியிருந்தாய். அதைப் போட்டுவிடு. இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. மருந்து நிறுவன நேர்முகத் தேர்வுக்கும் போய் வா, ஆனால் அவர்கள் கேட்பதற்குப் பதில் தயாரிப்பதோடு நீ கேட்க வேண்டியதையும் எழுதி எடுத்துக்கொண்டு போ. ஆசிரியர் பயிற்சிக்கு அடுத்த வருஷமும் போடலாம், அவசரமில்லை. என் பழைய மாணவர்கள் பல துறைகளில் இருக்கிறார்கள், வாத்தியார் கேட்டால் உதவாமல் இருக்கமாட்டார்கள். எந்தெந்த வேலையில் உள்ளவர்களைப் பார்க்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதி அனுப்பு, நம்பர்களை நான் தேடித் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா