மூச்சு வாங்கும் கர்ப்பிணிகளுக்காக நல்வாழ்வுத் துறைக்கு ஒரு மடல்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

26 ஆண்டுகள் பிரசவ வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். "மாசமா இருந்தா மூச்சு வாங்கத்தான் செய்யும்" என்று எத்தனையோ பேருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஒருத்திக்கு மட்டும் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. எட்டாம் மாதம். மூன்று தலையணையை அடுக்கி, உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததுண்டா என்று நாங்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்தக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்துவிடும். அவளுக்கு இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கியிருந்தது.

கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடும். சுருங்கிய வால்வு அதற்கு வழிவிடாது. நுரையீரலில் நீர் கோக்கும். அதைவிட ஆபத்தான நேரம் குழந்தை பிறந்த கையோடு வரும். கர்ப்பப்பை சுருங்க, அதிலிருந்த ரத்தம் இதயத்துக்குத் திரும்பும். நாங்கள் குழந்தையை எடை போட்டுக்கொண்டிருந்தபோதுதான் அவள் நுரை நுரையாக இருமினாள். இதய டாக்டர் வேறு யாரையோ பார்க்க எங்கள் மாடிக்கு வந்திருந்தார். பிழைத்துக்கொண்டாள்.

எதேச்சையை நம்பி எத்தனை பேரை விடுவது? கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி எண் கொடுக்கும்போதே நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைக்கச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் எக்கோ என்னும் இதய ஸ்கேன். முன்பே தெரிந்தால், தேவைப்படுபவருக்குக் கர்ப்பத்திலேயே பலூன் வைத்து வால்வை விரிக்க முடியும். இதய நோயாளியின் கேஸ் ஷீட்டில் 'மெத்தர்ஜின் கூடாது' என்று சிவப்பில் எழுதச் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்தப் போடும் ஊசி அது; ரத்த அழுத்தத்தைச் சட்டென்று ஏற்றிவிடும். நள்ளிரவில் கை பழக்கத்தில் அந்த ஊசியைத்தான் தேடும். 108 வண்டி, மகப்பேறும் இதயப் பிரிவும் ஒரே வளாகத்தில் உள்ள இடத்துக்கு நேரே போகட்டும்.

இதயம் நின்றுவிட்டால் நெஞ்சை அழுத்தும்போதே வயிற்றை இடப்பக்கம் தள்ளிப் பிடிக்க வேண்டும். கர்ப்பப்பை தொப்புள் மட்டத்துக்கு வளர்ந்திருந்தால், தியேட்டருக்குத் தூக்கிக்கொண்டு ஓடாமல், கிடக்கும் இடத்திலேயே 5 நிமிடத்துக்குள் குழந்தையை எடுத்துவிட வேண்டும். தாயின் உயிருக்காகவே அது. எங்கள் வார்டில் தீயணைப்பு ஒத்திகை நடந்தது. இதற்கு ஒருமுறைகூட நடந்ததில்லை.

இன்னொன்று. பிரசவமான பிறகு ஐந்து மாதம் வரைகூட இதயத் தசை பலவீனமாகலாம். வீடு தேடிப் போகும் கிராம சுகாதார செவிலியர், குழந்தை பால் குடிக்கிறதா என்று கேட்கிறார். "ராத்திரி தலையணை ஒசத்தாம படுக்க முடியுதாம்மா?" என்ற கேள்வியையும் அவர் படிவத்தில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருத்தி